கொஞ்சம் தப்பு, மொத்தமும் போச்சு

2008 ஆகஸ்ட். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு பள்ளி மைதானம். கால்பந்து அணிக்குத் துணைப் பயிற்சியாளராகச் சம்பளம் வாங்காமல் உதவ வந்திருந்த 20 வயது இளைஞர் பந்தைக் கோலுக்குள் அடித்தார். பந்தை எடுக்கப் போனவர், போகிற போக்கில் எம்பிக் குதித்து மேலே இருந்த குறுக்குக் கம்பியைப் பிடித்தார். கோல் கம்பம் தரையோடு பிணைக்கப்படாமல் சும்மா நின்றுகொண்டிருந்தது. அவர் மல்லாக்க விழ, கம்பி முகத்தின் மேல் வந்து இறங்கியது. முக எலும்புகள் பல இடங்களில் முறிந்தன. அறுவை சிகிச்சை செய்து மூன்று டைட்டானியம் தகடுகளைப் பொருத்த வேண்டியிருந்தது.

கம்பத்தைப் பிணைக்காமல் விட்ட கால்பந்துச் சங்கத்தின் மீது அவர் வழக்குப் போட்டார். ஜூரியிடம் கேள்விகள் வரிசையாக வைக்கப்பட்டன. சங்கம் அலட்சியமாக இருந்ததா? ஆம். அந்த அலட்சியம் காயத்துக்குக் காரணமா? ஆம். காயம்பட்டவரும் அஜாக்கிரதையாக நடந்துகொண்டாரா? அதற்கும் ஆம். அத்தோடு வழக்கு முடிந்தது. யார் பக்கம் எவ்வளவு தவறு என்று ஜூரியிடம் யாரும் கேட்கவில்லை. மேரிலாந்து சட்டத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. தொண்ணூறுக்குப் பத்தாக இருந்தாலும், தொண்ணூற்றொன்பதுக்கு ஒன்றாக இருந்தாலும் காயம்பட்டவருக்குக் கிடைப்பது ஒன்றுதான்: பூஜ்ஜியம். மேல்முறையீடு மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013இல் ஏழு நீதிபதிகளில் ஐவர் பழைய விதியே நீடிக்கட்டும் என்றார்கள்.

நம் ஊர் வக்கீல்கள் ‘கான்ட்ரிபியூட்டரி நெக்லிஜன்ஸ்’ என்று சர்வசாதாரணமாகச் சொல்லும் அதே கோட்பாடுதான் இது. ஆனால் சென்னையிலோ மதுரையிலோ மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் அந்தச் சொல் எழுந்தால், இழப்பீட்டில் பத்து சதவீதமோ இருபத்தைந்து சதவீதமோ கழியும், அவ்வளவுதான். மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா, அலபாமா ஆகிய நான்கு மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் அது கழித்தல் கணக்கோடு நிற்பதில்லை. கோரிக்கையையே அடியோடு அடைத்துவிடுகிறது.

மற்ற மாநிலங்கள் எப்போதோ மாறிவிட்டன. கலிபோர்னியா போன்ற பத்துப் பன்னிரண்டு மாநிலங்களில் தவறு எவ்வளவோ அவ்வளவு மட்டும் கழியும். தொண்ணூறு சதவீதம் தன் தவறே என்றாலும் மீதிப் பத்தைக் கேட்கலாம். பெரும்பாலான மாநிலங்கள் நடுவில் ஒரு கோடு போட்டிருக்கின்றன. பாதி வரை அல்லது பாதிக்குக் கீழே வரை தவறிருந்தால் கழிவு, அதைத் தாண்டினால் ஒன்றுமில்லை. புளோரிடா 1973 முதல் கலிபோர்னியா வழியில் இருந்துவிட்டு 2023இல் இந்த நடுவழிக்கு வந்தது. ஒரு லட்சம் டாலர் சேதம், பத்து சதவீதம் சொந்தத் தவறு என்று வைத்துக்கொண்டால் ஜார்ஜியாவில் கைக்கு வருவது தொண்ணூறாயிரம். பக்கத்து அலபாமாவில் ஒரு செப்புக்காசும் இல்லை.

இதன் அபத்தத்தைப் பார்க்க பிரிஸ்டல் நகரத்துக்குப் போகலாம். அதன் பிரதான வீதியின் நடுவே மாநில எல்லை ஓடுகிறது. ஒரு பக்கம் வர்ஜீனியா, மறு பக்கம் டென்னசி. டென்னசி 1992இல் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் மூலம் பழைய விதியைக் கைவிட்டது. கவனக்குறைவாக நடந்த ஒருவரைக் கவனக்குறைவாக ஓட்டிய ஒருவர் இடித்தால், அது நடந்தது வீதியின் எந்தப் பாதியில் என்பதைப் பொறுத்து வழக்கின் தலையெழுத்தே மாறிவிடலாம்.

இத்தனைக்கும் விதி பிறந்தது அமெரிக்காவில் அல்ல. இங்கிலாந்தின் டார்பி நகரில் ஃபாரஸ்டர் என்பவர் தன் வீட்டைப் பழுதுபார்க்கும்போது சாலையின் ஒரு பகுதியில் குறுக்கே ஒரு கழியைப் போட்டிருந்தார். ஓர் ஆகஸ்ட் மாலை எட்டு மணி, வீடுகளில் மெழுகுவத்தி ஏற்றத் தொடங்கும் நேரம். பட்டர்ஃபீல்டு என்பவர் அருகிலிருந்த மதுக்கடையிலிருந்து கிளம்பிக் குதிரையை விரட்டிக்கொண்டு வந்தார். கழியில் மோதி விழுந்தார். அந்த வெளிச்சத்தில் நூறு கஜத் தொலைவிலேயே கழி தெரிந்திருக்கும் என்று ஒரு சாட்சி சொன்னார். 1809இல் எல்லன்பரோ பிரபு தலைமையிலான நீதிமன்றம் பட்டர்ஃபீல்டுக்கு ஒன்றுமில்லை என்றது. அடுத்தவன் தவறு செய்திருக்கிறான் என்பதற்காக நீ சாதாரணக் கவனத்தையும் விட்டுவிட முடியாது என்பது அதன் சாரம். சில பத்திகளே கொண்ட தீர்ப்பு. அதன் நிழல் இரண்டு நூற்றாண்டுகளைத் தாண்டி நீண்டிருக்கிறது.

கடுமை அதிகம் என்று நீதிபதிகளுக்கே சீக்கிரம் உறைத்தது. 1842இல் ஒரு கழுதை வந்து சேர்ந்தது. முன்னங்கால்களைக் கட்டிச் சாலையோரம் மேயவிடப்பட்ட அந்தக் கழுதையின் மேல் வேகமாக வந்த வண்டி ஏறிவிட்டது. கழுதையை அப்படி விட்டது உரிமையாளரின் தவறுதான். ஆனால் வண்டிக்காரர் கொஞ்சம் நிதானித்திருந்தால் தவிர்த்திருக்கலாமே என்று கேட்டு, உரிமையாளருக்கு இழப்பீடு தந்தார்கள். கடைசியாகத் தவிர்க்கும் வாய்ப்பு யாரிடம் இருந்ததோ அவரே பொறுப்பு என்ற விதிவிலக்கு இப்படித்தான் உருவானது. வட கரோலினாவிலும் அலபாமாவிலும் இன்றைக்கும் கார் மோதிய வழக்குகளில் அந்தக் கழுதையின் வாரிசான வாதம் எழுப்பப்படுகிறது.

அமெரிக்காவில் இந்த விதி வேரூன்றிய காலமும் ரயில்பாதைகளும் ஆலைகளும் பெருகிய காலமும் ஒன்று. மேரிலாந்து 1847இல் ஏற்றது. தண்டவாளத்தில் கால் இழந்த தொழிலாளிக்கு எதிராக முதலாளியின் கையில் இது நல்ல ஆயுதம். அந்த ரத்தம் அதிகமானபோதுதான் பெரிய உடைப்பும் வந்தது. 1908இல் மத்திய அரசு ரயில்வே ஊழியர்களுக்கான சட்டத்தில் ‘தவறுக்கேற்ற கழிவு’ முறையைக் கொண்டுவந்தது. 1910இல் மிசிசிப்பி அதையே எல்லோருக்கும் பொதுவாக்கியது. விதியைப் பெற்ற இங்கிலாந்தே 1945இல் சட்டம் இயற்றி அதைக் கைகழுவியது. 1970களில் அமெரிக்க மாநிலங்கள் சாரை சாரையாக மாறின. ஐந்து இடங்கள் மட்டும் அசையவில்லை.

அந்த ஐந்து இடங்களில் காயம்பட்டவருக்கு நடைமுறையில் என்ன நடக்கிறது? நீதிமன்றத் தீர்ப்புகளை மட்டும் படித்தால் பாதிக் கதைதான் தெரியும். பெரும்பாலான கோரிக்கைகள் நீதிமன்ற வாசலையே மிதிப்பதில்லை. இந்த விதியின் முழு வலிமையும் காப்பீட்டு நிறுவனத்தில் கோரிக்கைகளை மதிப்பிடும் அட்ஜஸ்டரோடு நடக்கும் தொலைபேசிப் பேச்சில்தான் வெளிப்படுகிறது. அது வழக்கைத் தோற்கடிப்பதைவிட வழக்கின் விலையை இறக்குவதே அதிகம்.

விபத்து நடந்து ஓரிரு நாளில் எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து அழைப்பு வரும். குரல் தேன்போல இருக்கும். உடம்பு எப்படி இருக்கிறது என்ற விசாரிப்பு முடிந்ததும், பதிவு செய்யும் ‘ஸ்டேட்மென்ட்’ ஒன்று வேண்டும் என்பார்கள். எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள்? மற்ற காரை முதலில் எப்போது பார்த்தீர்கள்? பார்த்த பிறகு என்ன செய்தீர்கள்? காரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததா? ஒவ்வொன்றும் பச்சைப்பிள்ளைக் கேள்விபோல் தோன்றும். ‘மோதிய பிறகுதான் பார்த்தேன்’ என்று பதில் வந்தால், கண்காணிக்காமல் ஓட்டினார் என்று எழுதிக்கொள்ளலாம். ‘தூரத்திலேயே பார்த்துவிட்டேன்’ என்றால், பார்த்தும் பிரேக் போடவில்லை என்று எழுதிக்கொள்ளலாம்.

இங்கேதான் நம்மவர்களின் நல்ல குணமே எதிரியாகிறது. வட கரோலினாவின் கேரி, மோரிஸ்வில் வட்டாரங்களிலும், வாஷிங்டனைச் சுற்றிய வர்ஜீனியா, மேரிலாந்து புறநகர்களிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறையவே இருக்கின்றன. ‘என் மேலயும் கொஞ்சம் தப்பு இருக்கு, நானும் சரியா கவனிக்கல’ என்று பெருந்தன்மையாகச் சொல்வது நம் ஊரில் சண்டையைத் தணிக்கும் பேச்சு. வர்ஜீனியாவில் அந்த ஒரு வாக்கியம் லட்சக்கணக்கான டாலர் மருத்துவச் செலவைச் சொந்தத் தலையில் கட்டிவிடும். அட்லாண்டாவிலோ டல்லாஸிலோ ஓட்டிப் பழகி இந்த ஐந்து இடங்களுக்கு வேலை மாறி வந்தவர்களுக்கும் இது தெரிவதில்லை. சாலையும் அதே, காரும் அதே, காப்பீட்டு நிறுவனமும் அதே. அடியில் இருக்கும் சட்டம் மட்டும் வேறு.

சொந்தக் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒத்துழைக்க வேண்டியது பாலிசியின் நிபந்தனை. எதிர்த்தரப்பு நிறுவனத்துக்குப் பதிவு செய்த வாக்குமூலம் கொடுக்கும் கட்டாயம் பொதுவாகக் கிடையாது. இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் கிடைக்கும் முடிவுகள் எட்டாத தூரத்தில் இருக்கின்றன.

கார் மோதலைக் காட்டிலும் விதி கொடூரமாக வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு: கடையில் வழுக்கி விழும் வழக்கு. சூப்பர் மார்க்கெட்டில் தரையில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார். கடையின் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டுமானால், அந்தத் தண்ணீர் நெடுநேரம் அங்கே கிடந்தது, ஊழியர்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டிய அளவுக்குத் தெளிவாகவே கிடந்தது என்று அவர் காட்ட வேண்டும். அதை அவர் காட்டிய கையோடு கடையின் வக்கீல் எழுந்திருப்பார். அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததென்றால் நீங்கள் ஏன் பார்க்கவில்லை? தெரியவில்லை என்றால் கடைக்காரர்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்கும்? அந்தப் பக்கம் போனாலும் முட்டும், இந்தப் பக்கம் போனாலும் முட்டும். தேர்ந்த வக்கீல் இந்தச் சந்தில் ஒரு வழி கண்டுபிடிப்பார். அலமாரியில் இருந்த விளம்பரப் பலகை கவனத்தை இழுத்தது, கையில் இருந்த கூடை மறைத்தது, தரையின் நிறமும் தண்ணீரின் நிறமும் ஒன்றாக இருந்தன என்று வாதிடுவார். ஆனால் எத்தனை பேருக்கு அப்படி ஒரு வக்கீல் கிடைப்பார்?

கிடைப்பது கடினம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இத்தகைய வழக்குகளில் வக்கீலுக்கு முன்பணம் கிடையாது. ஜெயித்தால் கிடைக்கும் தொகையில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு. தோற்றால் அவர் உழைப்பும், மருத்துவ நிபுணர்களுக்கு அவர் கையிலிருந்து கொடுத்த பணமும் போச்சு. எனவே கட்சிக்காரர் பக்கம் ஐந்து சதவீதத் தவறு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே பல அலுவலகங்கள் வழக்கை வாங்குவதில்லை. நியூயார்க்கில் ஐந்து சதவீதம் குறைவான வழக்கு. வர்ஜீனியாவின் ரிச்மண்டில் அது வழக்கே இல்லை.

விதியை மெத்தென்று ஆக்கும் விலக்குகளும் இருக்கின்றன. காயம்பட்டவர் தவறு செய்தார் என்று நிரூபிக்கும் பாரம் எதிர்த்தரப்பின் மேல்தான். தவறு இருந்தால் மட்டும் போதாது, அது விபத்துக்குக் காரணமாகவும் இருந்திருக்க வேண்டும். சிவப்பு விளக்கில் ஒழுங்காக நின்றிருந்த காரைப் பின்னால் வந்து இடித்தால், நின்றவரின் ஓட்டுநர் உரிமம் காலாவதியாகியிருந்தது என்பது பொருந்தாது. அலபாமா இன்னும் ஒரு படி மேலே போய், ஆபத்து இருப்பதைக் காயம்பட்டவர் அறிந்திருந்தார், அதன் தன்மையை உணர்ந்திருந்தார், உணர்ந்தும் கவனமாக இருக்கவில்லை என்று காட்டச் சொல்கிறது. வட கரோலினா, வர்ஜீனியா, அலபாமா மூன்றிலும் ஏழு வயதுக்குக் கீழுள்ள குழந்தையின் மேல் அஜாக்கிரதைப் பழியே சுமத்த முடியாது. ஏழுக்கும் பதினாலுக்கும் நடுவே, முடியாது என்பதே முதல் ஊகம், அதை உடைப்பது எதிர்த்தரப்பின் பாடு.

சீட் பெல்ட் விஷயம் ஒரு வேடிக்கை. இவ்வளவு கறாரான வர்ஜீனியா, மேரிலாந்து, வட கரோலினா சட்டங்களே, பெல்ட் போடாததை அஜாக்கிரதைக்குச் சான்றாகக் காட்டக் கூடாது என்று எழுதிவைத்திருக்கின்றன. இல்லையென்றால் பெல்ட் போடாத எவருக்கும் எந்த விபத்திலும் எதுவுமே கிடைக்காமல் போயிருக்கலாம்.

எதிராளி செய்தது வெறும் கவனக்குறைவைத் தாண்டிய அட்டூழியம் என்றால் விதி விலகும் இடங்களும் உண்டு. அலபாமாவில் பின்விளைவு தெரிந்தும் துணிந்து செய்ததாக நிரூபித்தால் காயம்பட்டவரின் சிறு தவறு குறுக்கே நிற்காது. வட கரோலினாவில் குடித்துவிட்டு ஓட்டுவது, மிதமிஞ்சிய வேகம், சாலையில் பந்தயம் விடுவது ஆகியவை இந்த வகையில் வந்திருக்கின்றன. அதனால்தான் அங்கே வக்கீல்கள் முதலில் தேடுவது மோதிய ஓட்டுநரின் ரத்தப் பரிசோதனை முடிவையும் செல்போன் பதிவையும். காரில் சும்மா உட்கார்ந்து வந்த பயணிக்கு ஓட்டியவரின் தவறு பொதுவாக ஒட்டுவதில்லை. ஓட்டுபவர் நிதானத்தில் இல்லை என்று தெரிந்தே ஏறியிருந்தால் மட்டும் சிக்கல். வேலையிடத்தில் அடிபட்டால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தனி வழி. கொஞ்சம் கவனமில்லாமல் இருந்தது அங்கே கோரிக்கையை அடைக்காது. மேரிலாந்தில் ஓட்டுநர்கள் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தாலொழிய, யார் தவறு என்று பாராமல் சொந்தக் காப்பீட்டிலிருந்தே கிடைக்கும் பாதுகாப்பு உண்டு, அதன் வரம்பு குறைந்தபட்சம் 2,500 டாலர். எலும்பு முறிவுக்கு அது எம்மாத்திரம் என்பது வேறு விஷயம்.

வட கரோலினா நீதிமன்றத்தில் ஜூரி கையில் கொடுக்கப்படும் தாளைப் பார்த்தால் விதியின் முழு உருவமும் தெரியும். முதல் கேள்வி, பிரதிவாதியின் அலட்சியத்தால் வாதிக்குக் காயம் ஏற்பட்டதா? இரண்டாவது, வாதி தன் அலட்சியத்தால் அந்தக் காயத்துக்குத் தானும் காரணமானாரா? மூன்றாவது, வாதிக்குச் சேர வேண்டிய தொகை என்ன? இரண்டாவதற்கு ஆம் என்றால் மூன்றாவதைத் தொடவே வேண்டாம். ஜூரிகள் மனிதர்கள்தானே. உடைந்த மனிதர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது பன்னிரண்டு பேர் கூடி இரண்டாவது கேள்விக்கு மனமறிந்தே ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, மூன்றாவதில் தொகையைச் சற்றுக் குறைத்துப் போடுவதும் உண்டு என்று அங்கே வக்கீல்கள் வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். அதாவது சட்டம் மறுத்த கழித்தல் கணக்கை ஜூரி திரைக்குப் பின்னால் போட்டுவிடுகிறது. விதியை ஆதரிப்பவர்கள் இதையே அதற்குச் சாதகமாகச் சொல்வார்கள்: நடைமுறையில் அது அவ்வளவு கொடுமை இல்லையே! ஆனால் ஜூரி விதியை மீறினால்தான் நியாயம் கிடைக்கும் என்றால் அந்த விதியைக் காப்பாற்ற இது ஒரு காரணமாகுமா?

பேரத்தில் இந்த நிச்சயமின்மை இரண்டு பக்கமும் பயமுறுத்துகிறது. ஜூரி முழுத் தொகையும் கொடுத்துவிடலாம், ஒன்றுமே கொடுக்காமலும் விடலாம். ஆனால் பயம் இருவருக்கும் ஒரே அளவில் விழுவதில்லை. காப்பீட்டு நிறுவனம் ஆயிரம் வழக்குகளில் சராசரி பார்க்கும். காயம்பட்டவருக்கு இருப்பது ஒரே வழக்கு, கூடவே வாடகை, மருத்துவமனைப் பில். லட்சம் டாலர் மதிப்புள்ள கோரிக்கை இருபதாயிரத்துக்கோ முப்பதாயிரத்துக்கோ ‘செட்டில்’ ஆவது இப்படித்தான்.

பிறகு ஏன் இந்த விதி சாகவில்லை? நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் ஒருவர் கோர்ட்டுக்கு ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. மேரிலாந்து உச்ச நீதிமன்றம் 1983இல் ஒருமுறை, 2013இல் மறுமுறை, மாற்றுவது சட்டமன்றத்தின் வேலை என்றது. சட்டமன்றத்தில் திருத்த மசோதாக்கள் திரும்பத் திரும்ப வந்து செத்திருக்கின்றன. மசோதாக்கள் தோற்றதையே, விதி நீடிக்க வேண்டும் என்பது சட்டமன்றத்தின் விருப்பம் என்பதற்கு ஆதாரமாக 2013 தீர்ப்பு எடுத்துக்கொண்டது. எதிர்த்தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹாரல் இந்த விதியை இன்னும் மேரிலாந்தில் திரியும் டைனோசர் என்று வர்ணித்து, விண்கல்போல நீதிமன்றமே அதை அழிக்க வேண்டும் என்றார். நீதிபதிகள் உருவாக்கிய விதியை நீதிபதிகள் மாற்றக் கூடாதா என்ற அவர் தரப்புக் கேள்விக்குப் பெரும்பான்மை திருப்தியான பதில் தந்ததாகத் தெரியவில்லை. அலபாமா உச்ச நீதிமன்றமும் 1980இலும் 1993இலும் இதே சந்திப்புக்கு வந்து, மாற்றும் அதிகாரம் இருந்தும் மாற்றாமல் போனது.

காப்பீட்டு நிறுவனங்களும் வணிக அமைப்புகளும் நீடிப்பை விரும்புவது புரிந்துகொள்ளக்கூடியது. பிரீமியம் ஏறும் என்பது அவர்கள் வாதம். ஆச்சரியமானது காயம்பட்டவர்களின் வக்கீல்களிடமே சில நேரம் தெரியும் தயக்கம். இப்போதைய முறையில் பிரதிவாதிகள் பலர் இருந்தால், அவர்களில் பணமுள்ள ஒருவரிடமே முழுத் தொகையையும் வசூலிக்கலாம். கழிவு முறைக்கு மாறும் மாநிலங்கள் பல, அதோடு சேர்த்து இந்த வசதியையும் வெட்டி, அவரவர் பங்குக்கு அவரவர் என்று ஆக்கியிருக்கின்றன. கடைசி வாய்ப்பு விதியும் சேர்ந்தே போகும். ஒன்றைப் பெற இரண்டை இழக்க வேண்டுமா என்ற கணக்கு அவர்களுக்கு.

வாஷிங்டன் நகரத்தில் சைக்கிள் ஓட்டிகளின் இயக்கம் இந்த முடிச்சை அவிழ்த்தது. சைக்கிளில் விளக்கில்லை, பாதையை விட்டு ஓரடி விலகினார் என்ற காரணங்களுக்காகக் கார் மோதி அடிபட்டவர்கள் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். 2016இல் நகர மன்றம் சட்டம் இயற்றியது. நடந்து சென்றவரோ சைக்கிளில் சென்றவரோ மோட்டார் வாகனம் மோதிக் காயம்பட்டால், அவர் தவறு பிரதிவாதிகள் எல்லோருடைய தவறின் கூட்டுத்தொகையைவிட அதிகமாக இருந்தாலொழியக் கோரிக்கை அடைபடாது. ஒருவரிடமே முழுத் தொகை வசூலிக்கும் உரிமையையும் கடைசி வாய்ப்பு விதியையும் தொடவில்லை என்று சட்டத்திலேயே எழுதினார்கள். வக்கீல்களின் தயக்கம் தீர்ந்தது. பின்னர் மின் ஸ்கூட்டர்காரர்கள் போன்றவர்களும் இதற்குள் வந்தார்கள்.

நம் பக்கம் உச்ச நீதிமன்றம் 2020இல் ஒரு டெல்லி வழக்கில் சொன்னதை இதோடு வைத்துப் பார்க்கலாம். ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் போனது சட்டப்படி தவறுதான். ஆனால் அந்த மூன்றாவது ஆள் இருந்ததால்தான் விபத்து நடந்தது அல்லது காயம் கூடியது என்று காட்டாதவரை அதற்காக இழப்பீட்டில் கழிக்கவும் கூடாது என்றது தீர்ப்பு. கழிப்பதற்கே இவ்வளவு யோசிக்கும் நீதிமன்றத்துக்குப் பழகிய ஒருவர் வட கரோலினாவின் ராலேயிலோ மேரிலாந்தின் பால்டிமோரிலோ காரை எடுக்கிறார். அடிபட்டால் காலமும் கைகொடுப்பதில்லை: வர்ஜீனியாவிலும் அலபாமாவிலும் வழக்குத் தொடுக்க இரண்டு வருடக் கெடு, மேரிலாந்திலும் வட கரோலினாவிலும் வாஷிங்டனிலும் மூன்று. விபத்தைப் பிடித்த கேமரா பதிவுகளோ அதற்குப் பல மாதங்கள் முன்பே அழிந்துவிடலாம். வாஷிங்டனில் நடந்து போனவருக்கு வந்த சலுகை, அதே சாலைச் சந்திப்பில் காரும் காரும் மோதிக்கொண்டால் ஓட்டுநர்கள் இருவருக்கும் இன்னும் வரவில்லை.